வலது காது

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல சித்தி பொண்ணு கைப்பையத் தொறந்து ஒரு காத எடுத்து என் கையில வச்சிது. வெள்ள பிளாஸ்டிக் காது.

"அண்ணே, இது தம்பியோட இடது காதுதான், கம்ப்யூட்டர்ல வலதாத் திருப்பி அச்சடிச்சுத் தந்தாங்க."

பையனுக்குப் பொறக்கும்போதே வலது காது வளரல, சின்னதா ஒரு சதை மட்டும்தான். மைக்ரோஷியான்னு பேரு, வலது பக்கம்தான் அதிகம் வருமாம்.

வெரலால தடவிப் பாத்தேன். சுருண்டு வர்ற வெளி விளிம்பு, உள்ள மேல போயி ரெண்டாப் பிரியிற மேடு, ஓட்டைக்கு முன்னாடி ஒரு குட்டி முடிச்சு. யப்பா, எவ்ளோ வேலைப்பாடு!

விலா எலும்போட ஒட்டியிருக்குற குருத்தெலும்ப எடுத்து காதா செதுக்கி தோலுக்கு அடியில வைக்கிறாங்க. டான்சர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1959ல எழுதி பிரபலமான முறை. முன்னல்லாம் நல்ல காது மேல எக்ஸ்ரே பிலிம வச்சு கோடு வரைஞ்சுப்பாங்க, அதுல நீளம் அகலம் வரும், மேடு பள்ளம் எங்க வரும்? இப்ப ஸ்கேன் பண்ணி அச்சடிச்ச மாடல கிருமி நீக்கி, ஆபரேஷன் டேபிள்லயே வச்சுப் பாத்துக்கிட்டே செதுக்கலாம். சுவாமிமலை ஸ்தபதி மெழுகுல உருவத்தப் பாத்துட்டு அப்புறம் வெண்கலம் ஊத்துற புத்திதான்.

செதுக்குறது இன்னமும் டாக்டர் கைதான். காது கேக்குறதுக்கு வேற வைத்தியம், அதையும் சேத்துக் கேட்டுக்கங்க.

சித்தி அய்யனாருக்கு கெடா நேந்துட்டு காதுகுத்துக்கு நாள் பாக்குது. பையன் கேட்டது கூலிங் கிளாஸ் மட்டும்தான், அதுவும் கருப்பு.