மறைத்து வைத்த மக்னீசிய அட்டை: நடுநிலை வகுப்பில் தனிம வரிசை அட்டவணை

தனிமங்கள் பற்றிய பாடத்தைத் தொடங்கும் நாளிலேயே 118 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டவணையைச் சுவரில் மாட்டி, முதல் இருபது தனிமங்களின் பெயர்களையும் குறியீடுகளையும் மனப்பாடம் செய்து வரச் சொல்வது நம் வகுப்பறைகளில் பழகிப்போன வழி. தேர்வுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டங்கள் ஏன் அந்த இடங்களில் இருக்கின்றன என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் அனுபவத்தில், அட்டவணையைக் கடைசியில் காட்டி, அதற்கு முன் அதன் ஒரு பகுதியை மாணவர்களே அடுக்கிப் பார்க்கச் செய்வதுதான் பயன் தருகிறது என்று கண்டிருக்கிறேன். புதிதாக இந்தப் பாடத்தை எடுக்கவிருக்கும் ஆசிரியர்களுக்காக அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் வகுப்பில் பொருள்களே போதும். தனிமம் என்று தாங்கள் கருதும் ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால், செம்புக் கம்பி, இரும்பு ஆணி, அலுமினியத் தாள் ஆகியவற்றோடு பித்தளை மணி, எவர்சில்வர் தம்ளர், கல் உப்பு ஆகியவையும் வந்து சேரும். பாடத்துக்கு உண்மையில் உதவுபவை பின்னால் சொன்ன மூன்றும்தான். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. எவர்சில்வரில் இரும்பும் குரோமியமும் பெரும்பாலும் நிக்கலும் உண்டு, வெள்ளி இல்லை. உப்போ சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்மம். கலவை, சேர்மம், தனிமம் ஆகியவற்றின் வேறுபாட்டை வரையறைகளால் சொல்வதைவிட இந்த மூன்று பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. பழைய வெப்பமானியை உடைத்துப் பாதரசம் எடுத்துவர எவரும் முயலக்கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு அட்டைகளைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். லித்தியம் முதல் கால்சியம் வரையிலான தனிமங்களில், பிற தனிமங்களுடன் எளிதில் சேராத மந்த வாயுக்களை விட்டுவிட்டால் பதினாறு அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் பெயர், அணு நிறை, உலோகமா அலோகமா என்ற குறிப்பு, அதன் ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அல்லது குளோரின் அணுக்களுடன் சேரும் என்ற எண் ஆகியவை மட்டும் இருந்தால் போதும். அணு எண் இப்போது வேண்டாம். பாஸ்பரஸ் ஐந்து குளோரின் அணுக்களுடனும் சேரக்கூடியது என்பதால், உலோகங்களுக்கும் போரானுக்கும் குளோரினையும் மற்றவற்றுக்கு ஹைட்ரஜனையும் கணக்கில் கொண்டால் குழப்பம் வராது. ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்ற விவாதம் பெரியவர்களிடையேயும் முடியாதது. அந்த அட்டையை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடலாம்.

நான்கைந்து பேர் கொண்ட குழுக்களிடம் அட்டைகளைக் கொடுக்கும் முன், மக்னீசிய அட்டையை மட்டும் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், முதல் ஏழு அட்டைகளில் 1, 2, 3, 4, 3, 2, 1 என்று எண்கள் ஏறி இறங்குவதையும், சோடியத்தில் மீண்டும் 1 வருவதையும் மாணவர்கள் தாமாகவே கவனிப்பார்கள். அங்கே புதிய வரிசையைத் தொடங்கச் சொன்னால், சோடியத்தின் 1-க்குப் பிறகு அலுமினியத்தின் 3 வந்து நிற்கும். சில குழுக்கள் இடைவெளி விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். அவர்களைத் தடுக்கத் தேவையில்லை. சற்று நேரத்தில் பொட்டாசியம் என்ற உலோகம் புளூரின் என்ற வாயுவுக்குக் கீழே வந்து அமரும்போது, ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

இனி, விடுபட்டதன் பண்புகளைக் கணிக்கச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் சோடியம் 23, வலப்பக்கம் அலுமினியம் 27, சராசரி 25. மேலே பெரிலியம் 9, கீழே கால்சியம் 40, சராசரி 24.5. உண்மையான மதிப்பு 24.3. அது உலோகமாக இருக்கும், இரண்டு குளோரின் அணுக்களுடன் சேரும் என்பதையும் மாணவர்கள் கூறிவிடுவார்கள். எல்லாத் தனிமங்களுக்கும் இந்தச் சராசரி இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தாது. மக்னீசியத்தைத் தேர்ந்தெடுக்க அதுவே காரணம். கணிப்பு முடிந்ததும் மக்னீசிய நாடாவின் சிறு துண்டை இடுக்கியால் பிடித்து ஆசிரியர் எரித்துக் காட்டலாம். அந்த வெண்சுடரை மாணவர்கள் நேராகப் பார்க்கக்கூடாது. எரியும் மக்னீசியத்தின் மீது தண்ணீர் ஊற்றவும் கூடாது.

தனிம வரிசை அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவைப் பற்றிப் பேச இதுவே சரியான நேரம். 1869-இல் அவர் தம் அட்டவணையை வெளியிட்டபோது அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் கீழே இடங்களைக் காலியாக விட்டார். 1875-இல் பிரான்சில் லெகோக் தெ புவாபோத்ரான், அலுமினியத்துக்குக் கீழே இருந்த இடத்துக்குரிய காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்து, அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அறிவித்தார். அந்தத் தனிமத்தைக் கண்ணால் கூடப் பார்த்திராத மெண்டலீவ், அது 5.9-க்கு அருகில் இருக்க வேண்டும் என்று எழுதினார். தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. காலியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் என்பதையும் சொல்லலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது வகுப்பறை மேசை மீது திரவமாகத்தான் கிடக்கும். சிலிக்கானுக்குக் கீழே இருந்த இடத்துக்கு அவர் கணித்த அணு நிறை 72. 1886-இல் கண்டறியப்பட்ட ஜெர்மானியத்தின் அணு நிறை 72.6. சற்று முன் இதே வேலையைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இந்த எண்களை வரலாற்றுச் செய்தியாக மட்டும் கேட்பதில்லை.

அதன் பிறகு ஹீலியம், நியான், ஆர்கான் அட்டைகளைக் கொடுக்க வேண்டும். இவற்றில் சேரும் எண் சுழி என்பதால் தனி நிரல் தேவை என்பது உடனே புரிந்துவிடும். ஆனால் ஆர்கானின் அணு நிறை 39.9, பொட்டாசியத்தின் அணு நிறை 39.1. நிறை வரிசையைப் பின்பற்றினால் பொட்டாசியம் நியானுக்குக் கீழேயும் ஆர்கான் சோடியத்துக்குக் கீழேயும் போய்விடும். இந்தச் சிக்கலை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காமல் மாணவர்களைச் சிறிது நேரம் வாதிட விடுவது நல்லது. 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு செய்த ஆய்வுக்குப் பின், அணு நிறைக்குப் பதிலாக அணு எண்ணே வரிசையை முடிவுசெய்கிறது என்பது உறுதிப்பட்டது. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை என்று இந்த இடத்தில் சொன்னால், அந்த எண் எதற்காக என்று கேட்க எவருக்கும் தோன்றாது. எலக்ட்ரான் அமைப்பை இந்த வகுப்புகளில் இழுத்து வருவது தேவையில்லை என்பது என் கருத்து.

தொகுதி (நிரல்), தொடர் (வரிசை) என்ற பெயர்களையும் குறியீடுகளையும் இதன் பின் கற்பிக்கலாம். சோடியம், பொட்டாசியம், இரும்பு ஆகியவற்றின் குறியீடுகள் நேட்ரியம், கேலியம், பெர்ரம் என்ற இலத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை என்பதைத் தனிப் பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும். குறியீட்டின் இரண்டாம் எழுத்தைச் சிறியதாகவே எழுத வேண்டும் என்பதற்குக் கோபால்ட் (Co) நல்ல எடுத்துக்காட்டு: அதைப் பெரிய எழுத்தில் CO என்று எழுதினால் அந்த உலோகம் கார்பன் மோனாக்சைடு வாயுவாகிவிடும்.

சுவர் அட்டவணையை இப்போது மாட்டலாம். பாடத்தின் இறுதியில் நான் வைக்கும் கேள்வி, மாணவர்கள் அட்டையாகப் பார்த்திராத ஒரு தனிமத்தைப் பற்றியது: கால்சியத்துக்கு நேர் கீழே இருக்கும் ஸ்ட்ரான்சியம் உலோகமா, அதன் ஓர் அணு எத்தனை குளோரின் அணுக்களுடன் சேரும், அந்த விடைக்கு எப்படி வந்தீர்கள்? மதிப்பெண்ணில் பாதியை மூன்றாவது பகுதிக்கு ஒதுக்குகிறேன்.