எட்டுத் துண்டு மகால்

திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்துத் தூண்களை மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தேன். ஏ2 அளவுத் தாள், கறுப்பு மை. 1636இல் கட்டிய கட்டடம். அந்த வளைவுகளின் சுதை வேலையைக் கோடு கோடாக இழுக்கும்போது, கட்டினவர்களுக்கே வேலை குறைவு என்று தோன்றிவிடும். படம் மேலூரில் மாமா வீட்டுக்குப் போகிறது. அதற்குள் அச்சடிக்கிற தரத்தில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் போனில் எடுத்தேன். மொட்டை மாடி வெயிலில் தாளின் ஒரு பாதி வெளுத்தது, மறு பாதியில் என் நிழல். கிட்டப்போய் எடுத்ததில் நேரான தூண்கள் பீப்பாய் மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டன. மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

கட்டட பிளான் நகலெடுக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைத் தம்பி தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இது உருளைக்குள்ள போய்த்தான் வெளிய வரும். மடங்குச்சுன்னா நான் பொறுப்பில்லை, பார்த்துக்கங்க” என்றான். நேர்மையான பையன். படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் யூஎஸ்பியில் ஓடும் ஒரு ஏ4 ஸ்கேனர் தூசி படிந்து கிடந்தது. ஏ2 என்றால் நாலு ஏ4தானே என்று நாலு துண்டாக எடுத்தேன். அதுதான் தப்பு. நாலு துண்டு விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஏறினால்தான் எந்தக் கோடு எதோடு சேரும் என்று தெரியும். போதாததற்கு, கண்ணாடியைச் சுற்றிச் சின்னதாக ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய தாள் அதன்மேல் ஏறி நிற்பதால் ஓரத்தில் கண்ணாடியைத் தொடாது. இந்த ஒல்லி ஸ்கேனர்களுக்குத் தாள் கொஞ்சம் தூக்கினாலே மங்கிவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்து 1 செ.மீ. வீண்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாள் 42க்கு 59.4 செ.மீ.; கண்ணாடி சுமார் 21க்கு 29.7. கண்ணாடியின் நீளத்தைத் தாளின் அகலவாக்கில் வைத்தால் குறுக்கே இரண்டு துண்டு தாராளம். நீளவாக்கில் மூன்று வரிசை வைத்தால் 2 செ.மீ. கூட மேலேறவில்லை, மங்கல் ஓரம் அதைத் தின்றுவிடும். நாலு வரிசை என்றால் 8 செ.மீ. கிடைக்கிறது. ஆக, எட்டுத் துண்டு.

மூடியைக் கழற்றி வைத்தேன். தாளைக் கண்ணாடியோடு அழுத்த முதலில் அகராதியை வைத்துப் பார்த்தேன், சட்டத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. அம்மா சமையலறையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பள்ளத்துக்குத் தகுந்தபடி நெளிந்து படிந்தது. இதற்கு மேல் கனம் வைக்கப் பயம், கண்ணாடி மெல்லியது.

எட்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் ஒட்டுப்போட்ட வேட்டி! ஒரு துண்டில் தாள் மஞ்சள், அடுத்ததில் நீலம். ஸ்கேனர் மென்பொருள் ஒவ்வொரு துண்டுக்கும் தானாகவே வெளிச்சத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி எட்டு. இந்த முறை தாளை ஒரே திசையிலேயே நகர்த்தினேன். வசதிக்காகத் தலைகீழாகத் திருப்பினால் ஸ்கேனர் விளக்கு மறுபக்கத்திலிருந்து விழுந்து, தாளின் சொரசொரப்பு வேறு மாதிரி தெரியும்.

600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஒரு துண்டு 100 எம்பி தாண்டியது. என் மடிக்கணினி மூச்சு வாங்கியது. அதே அளவில் அச்சடிக்க 300 போதும். சேமிக்க ஜேபெக் கோப்பு வேண்டாம், அது சுருக்கும்போது நுணுக்கத்தைத் தின்றுவிடும்; பிஎன்ஜி அப்படியே வைத்திருக்கும்.

துண்டுகளை ஒட்டுவதற்கு ஜிம்ப் என்கிற இலவசப் பட மென்பொருள். மேல் துண்டை ‘டிஃபரன்ஸ்’ முறைக்கு மாற்றினால், இரண்டும் பொருந்துகிற இடம் கறுப்பாகிவிடும். பொருந்தாத இடத்தில் கோடு வெள்ளையாக இரட்டித்துத் தெரியும். துண்டைக் கால் டிகிரி திருப்பி, ஒரு பிக்சல் நகர்த்தி, அந்த வெள்ளைக் கோடு அணையும்வரை உட்கார்ந்திருப்பேன். வெற்றுத் தாளில் வெட்டாமல், தூணின் அடர்ந்த நிழலுக்குள் ஒட்டின் விளிம்பைப் போனபோக்கில் வளைத்துவிட்டால் கண்ணுக்குப் படாது. இரண்டு ராத்திரி ஆனது. உப்பு அதற்குள் குழம்புக்குப் போய்விட்டது.

அடுத்து வரைந்திருப்பது தெப்பக்குளத்து மைய மண்டபம், சார்கோலில். கவிழ்த்து அழுத்தினால் கரி கண்ணாடியோடு போய்விடும், அதனால் கேமராதான். சுவரில் நேராக மாட்டியாயிற்று. வானம் மூடுகிற ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறேன்; மதுரையில் அது ஐப்பசிக்கு முன்னால் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.