முதல் சுற்றில் பதில் கிடையாது

பிப்ரவரி 14-ஐக் குறிவைத்து ஓசூர், தளி பக்கத்துப் பாலிஹவுஸ்களில் ஜனவரிக் கடைசியிலேயே ரோஜா வெட்டு சூடு பிடித்துவிடும். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரைத் தோட்டங்களிலும் அந்த வாரங்களில் இதே ஓட்டம்தான். இரண்டு ஊர்ப் பூவும் கடல் கடந்து போகிறது. வெட்டுவது, தரம் பிரிப்பது, கொத்துக் கட்டுவது என்று கைவேலையில் நிற்பவர்களில் இளம்பெண்கள் நிறையப் பேர். உலகத் தோழமை என்று மேடையில் பேசுகிறார்களே, அதைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. இரண்டு ஊர்ப் பெண்களும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க ஒரு வட்டத்தை எப்படி நடத்துவது என்பதுதான் இங்கே பேச்சு.

பணம் தருகிறவர்களோடு பேசும்போது குறையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தோன்றும். அதே வேலை செய்கிற பெண்ணிடம் அது எடுபடாது. "மருந்தடிச்சா எத்தனை மணி நேரம் கழிச்சு உள்ள விடுறாங்க?" என்று கேட்டால் போதும், அடுத்த பத்து நிமிடப் பேச்சு தானாக வந்துவிடும்.

ஆனால் நேராக வீடியோ காலில் உட்கார்ந்தால் காரியம் கெடும். முதலில் உள்ளூரில் கேட்டுப் பழக வேண்டும். வட்டமாக உட்காருவது இங்கே புதிதல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. ரோமில் தலைமையகம் உள்ள ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, பிரிந்தது 2004-ல். தீர்மான நோட்டு, ஊக்குநர், பிரதிநிதி எல்லாம் நம் அம்மாக்களுக்கு அத்துப்படி. குழுக் கூட்டம் கடன், தவணை, வட்டி என்றே ஓடும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அதில் வாய் திறக்க இடம் இருக்காது. ஆகவே கேட்கும் வட்டத்தைத் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

ஒரு வட்டத்துக்கு 8 முதல் 12 பேர். அதற்கு மேல் போனால் கடைசி ஆள் பேசும்போது முதல் ஆள் கடிகாரம் பார்ப்பாள். மொத்தம் 90 நிமிடம். முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம். யாரும் பதில், ஆலோசனை, ஆறுதல் எதுவும் சொல்லக்கூடாது. பேச விருப்பமில்லாதவள் தன் மூன்று நிமிடத்தைச் சும்மா உட்கார்ந்து கழிக்கலாம். அவளைத் தாண்டிப் போகக்கூடாது. பல நேரம் இரண்டாவது நிமிடத்தில் பேச்சு வரும். இரண்டாம் சுற்றில் வலது பக்கத்தில் இருப்பவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "நீ சொன்னது எனக்கு இப்படிப் புரிஞ்சுது, சரியா?" பாதிப் பேர் இங்கே திணறுவார்கள். கேட்கிறேன் பேர்வழி என்று தன் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தது அப்போது வெளிப்பட்டுவிடும். கடைசி 20 நிமிடம் மட்டும் என்ன செய்யலாம் என்ற பேச்சு.

தலைமை என்பதை மூன்று வேலையாகப் பிரித்துவிடுங்கள்: நடத்துபவர், நேரம் பார்ப்பவர், எழுதுபவர். மூன்றும் கூட்டத்துக்குக் கூட்டம் கை மாற வேண்டும். நடத்தும் வேலை 25 வயதுக்குக் கீழ் உள்ளவரிடமே இருக்கட்டும். பெயருக்கு ஒரு சின்னப் பெண்ணை நடுவில் உட்கார வைத்துவிட்டு, என்ன பேசுவது, எங்கே கூடுவது, டீக்கும் ரீசார்ஜுக்கும் காசு எவ்வளவு என்பதை எல்லாம் தொண்டு நிறுவன அக்கா முடிவு செய்தால் அது தலைமை இல்லை, அலங்காரம். அந்த அக்கா வருவதானால் தரையில் உட்காரட்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்த கணமே எல்லோரும் அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இடம், நேரம் இரண்டும் சாதாரண விஷயமாகத் தெரியும். வட்டம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். டவுன் பஸ் வரும் இடமாகப் பாருங்கள்; சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, புறநகர் பஸ்ஸில் உண்டு. ஷிஃப்ட் வேலைப் பெண்கள் இருந்தால் ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை ரோஜாத் தோட்டப் பெண்களைக் கூப்பிடாதீர்கள்.

தொடங்கும்போதே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. "இங்க பேசுறது வெளிய போகாது" என்று முழு வாக்குறுதி கொடுக்கக்கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்ஸோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தைத் திருமணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, வயது வந்த பெண்களுக்கு உதவி எண் 181. இதை முதலில் சொன்னால் சிலர் பேசாமல் போகலாம்தான். பின்னால் சொன்னால் நம்பிக்கையே போகும்.

ஒரே வேதனையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் கொடுமை. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்திப் பெண்கள் 1992 ஜூனில் அரசு ஊழியர்கள் செய்த பாலியல் வன்கொடுமைக்கு நீதி கிடைக்க 2011 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் யார் யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எனவே ஒருமுறை சொன்னதை, சொன்னவள் அனுமதித்தால், அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, பத்திரமாக வையுங்கள். அடுத்து வரும் விருந்தாளிக்காக மறுபடி கேட்காதீர்கள்.

நான்கைந்து வட்டம் பழகிய பிறகு வெளிநாட்டுப் பேச்சு. கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஞாயிறு மாலை நமக்கு 4.30 என்றால் அங்கே மதியம் 2. தேவாலயம் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. அங்கே வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லது. ஒன்று இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பதிலுக்கு ஒரு வாரம் விடுங்கள். அவசரமில்லாத பதில் ஆழமாக வரும்.

மொழிதான் பெரிய வில்லங்கம். சுவாஹிலி ஆங்கிலமாகி, தமிழாகி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ ஆக வேண்டும். 90 நிமிட வீடியோ காலில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புக்கே போகும் என்று கணக்கு வையுங்கள். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும். இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று சுருக்காமல், பேசுபவர் மாதிரியே "நான்" என்று சொல்லட்டும். அன்றைக்கு மொழிபெயர்ப்பவருக்குச் சொந்தக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. இந்த விதி இல்லாவிட்டால் இங்கிலீஷ் தெரிந்த காலேஜ் பெண்தான் தலைவி, மற்றவர்கள் வேடிக்கை. ஓவர்டைம், கையுறை, தரம் பிரிக்கும் ஷெட், மருந்தடித்த பின் காத்திருக்கும் நேரம் போன்ற சொற்களின் பட்டியலை முன்கூட்டியே இரண்டு பக்கமும் பரிமாறிவிடுங்கள்.

கேள்வி மூன்று போதும். கென்யாவில் பூத்தோட்டத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது, நடப்பில் எது கிடைக்கிறது என்று கேட்கலாம். மூன்றாவது, பாலியல் தொல்லைக்கு எங்கே புகார் செய்வது என்பது; அதை அவர்களும் நம்மிடம் திருப்பிக் கேட்பார்கள். இங்கே 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும். அதைவிடச் சிறிய இடத்துக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. இந்தப் பதிலைச் சொல்வதற்கு முன், நம் தோட்டத்தில் குழு இருக்கிறதா, யார் அதில் என்று நம் பெண்களே விசாரித்திருப்பார்கள். அதுவே பாதி லாபம்.

பூ இல்லாத ஊரில் தண்ணீர் பேசலாம். பல்லில் கறை படிய வைக்கும் ஃப்ளோரைடு பென்னாகரத்துத் தண்ணீரிலும் உண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும் உண்டு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இந்தப் பாதிப்பைக் குறைக்கவும் சேர்த்தே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை இந்தியாவிலிருந்து எத்தியோப்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் போனது. தினமும் அளந்து கலக்கி, வண்டல் படியக் காத்திருக்கும் வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது என்பதை அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டால் தெரியும். கறை படிந்த பல்லை மறைக்க வாயைப் பொத்திச் சிரிப்பது பற்றி இங்குள்ள பெண்கள் யாரும் சொல்லித் தராமலே பேசுவார்கள்.

வீடியோ கால் முடிந்து ஒரு வாரத்துக்குள், கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி அந்த ஊர்ப் பெண்களுக்கு அனுப்பி, திருத்தம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் கிராம சபைக்குக் கொண்டுபோவது, ஆதரவுக் கடிதம் எழுதுவது எல்லாம். 18 வயதாகி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எந்தப் பெண்ணும் கிராம சபையில் எழுந்து பேசலாம். வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. ஆதரவுக் கடிதத்தை மட்டும் அவர்களைக் கேட்காமல் எந்தத் தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பிவிடாதீர்கள். இங்கிருந்து போகும் கோபமான கடிதத்தால் அங்கே ஒருத்தியின் வேலை போகலாம். வீடியோ காலில் தெரியும் முகங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் இதே கணக்குதான்; கால் தொடங்குமுன்பே போனை யாரிடம் கொடுப்பது என்று நேரம் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.