திமில் வைத்த டெக்சஸ் மாடு

ஹூஸ்டனில் பிப்ரவரி பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் கௌபாய் பித்துப் பிடித்துவிடும். 1932 முதல் நடந்துவரும் கால்நடைக் கண்காட்சியும், முரட்டுக் குதிரை மீதும் காளை மீதும் ஏறிக் காட்டும் ரோடியோ என்ற வீர விளையாட்டும்தான் காரணம். அது தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளிக்கிழமையை 'கோ டெக்சன் டே' என்று கொண்டாடுவார்கள். பல நாள் குதிரையிலும் கூண்டு வண்டியிலும் பயணம் செய்தவர்கள் அன்றுதான் நகருக்குள் நுழைவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மேற்கத்திய ஓவியங்களுக்கும் ரோடியோவில் போட்டி உண்டு. முதலிடம் பெறும் படம் ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போனதும் உண்டு. இந்தச் செய்தியை வீட்டில் என் கணவர் உரக்கச் சொல்லியிருக்கவே கூடாது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு மூன்று வேலைகள் கொடுத்திருந்தார்கள்: பழுப்புக் காகிதப் பையில் கௌபாய் மேல்சட்டை, சொந்தமாக ஒரு சூட்டுக்குறி, ஒரு கால்நடைப் படம். ஆறு மாத விசாவில் வந்திருந்த என் அப்பாவும் அம்மாவும் பொழுது போகாமல் இருந்தார்கள். மூன்று வேலைகளையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் மேல்சட்டை. மளிகைக் கடைப் பையின் முன்பக்கத்தை நடுவில் வெட்டி, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, கடையின் பெயர் உள்ளே போகும்படி திருப்ப வேண்டும். பிறகு நன்றாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்க வேண்டும். கசக்கக் கசக்கத்தான் காகிதத்துக்குத் தோல் மாதிரி ஒரு தோற்றம் வரும். மகன் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, மேலே ஏறி மிதித்தெல்லாம் கசக்கி, கீழ் ஓரத்தைக் குஞ்சம் குஞ்சமாக நறுக்கி, நாற்காலியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் எழுந்து பார்த்தால் சட்டை மடிப்புக் கலையாமல் மேசை மேல் இருக்கிறது.

"பிள்ளை இப்படிக் கசங்கலாகவா போட்டுக்கொண்டு போவது? அதனால்தான் லேசான சூட்டில் இஸ்திரி போட்டு வைத்தேன்" என்றார் அம்மா. குஞ்சங்களைக்கூட ஒன்றொன்றாக நீவி வைத்திருந்தார். அன்று பள்ளி வேன் வரும்வரை குடும்பமே அந்தச் சட்டையைக் கசக்கியது.

சூட்டுக்குறி அப்பாவின் துறை. மேலூர்ப் பக்கம் மாடுகளோடு வளர்ந்தவர். இங்கே பண்ணைக்காரர்கள் மாட்டுக்குப் போடும் குறியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. எழுத்துக்கு இறக்கை வைத்தால் 'பறக்கும்' எழுத்து, கீழே ஒரு வளைவு போட்டால் 'ஆடும்' எழுத்து, படுக்கப் போட்டால் 'சோம்பேறி' எழுத்து. மகன் நம் வீட்டுப் பெயரின் முதலெழுத்தைப் படுக்கப் போட்டு, "இது சோம்பேறி ஆர், தாத்தா" என்றான். அப்பா சோபாவில் படுத்திருந்த என் கணவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே.

மூன்றாவது வேலையில்தான் வம்பு வந்தது. மகன் லாங்ஹார்ன் மாடு வரைந்திருந்தான். இந்தக் கொம்பு இரு நுனிக்கும் நடுவே ஆறு அடிக்கு மேல்கூட வளரும். தாளுக்குள் அடங்காமல் மேசையிலும் கொஞ்சம் வரைந்திருந்தான். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொம்பெல்லாம் சரி. திமில் எங்கே?"

கணவர் எழுந்து வந்து கைப்பேசியில் படம் காட்டினார். "மாமா, டெக்சஸ் மாட்டுக்குத் திமில் கிடையாது."

"பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லையே! எதைப் பிடித்து அடக்குவார்கள்?"

"அடக்குவதில்லை மாமா. மேலே ஏறி, ஒரு கையால் மட்டும் கயிற்றைப் பிடித்து எட்டு விநாடி உட்கார்ந்திருக்க வேண்டும்."

"சிவபெருமான் ஏறினால் சரி. இவர்கள் யார்?"

மகன் தூங்கிய பிறகு தாத்தா பென்சிலை எடுத்துவிட்டார். காலையில் அந்த மாட்டுக்கு மலை போலத் திமிலும் முழங்கால் வரை அலைதாடியும் முளைத்திருந்தன. கொம்பு பாதியாகக் குறைந்திருந்தது. சாம்பல் நிறம் வேறு. மகன் அழுதான். கணவர் அழிரப்பரைத் தேடினார். வேன் வந்துவிட்டது.

மாலையில் ஆசிரியையிடமிருந்து குறிப்பு வந்தது. திட்டத்தான் எழுதியிருக்கிறார் என்று பயந்து பிரித்தோம். "அருமையான பிராமன்! என் தாத்தா பண்ணையில் இதைத்தான் வளர்த்தார். உங்கள் மகனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

டெக்சஸின் கடலோரச் சூட்டுக்கும் உண்ணிக்கும் ஐரோப்பிய மாடுகள் தாங்கவில்லை என்று கிர், காங்கிரேஜ், ஓங்கோல் முதலிய நம் ஊர் மாடுகளின் வழியில் இங்கே உருவாக்கிய இனம்தான் பிராமன். வளர்ப்போர் சங்கம் 1924இல் ஹூஸ்டனிலேயே தொடங்கியது. ரோடியோவில் ஆளைத் தூக்கி எறியும் காளைகள் பலவற்றின் உடம்பில் ஓடுவதும் இந்த ரத்தம்தான். இதையெல்லாம் கணவர் படித்துச் சொல்லச் சொல்ல, அப்பா, "மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ரோடியோவுக்கு அழைத்துப் போகாமல் இருக்க முடியுமா? ராட்டினம், வறுத்த தின்பண்டம், இசை எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கால்நடைக் கொட்டகைக்கு நடந்தார். அங்கே ஒரு சாம்பல் நிற பிராமன் காளையை அதன் இளம் சொந்தக்காரர் சீவிக்கொண்டிருந்தார். அப்பா அதை இடப்பக்கமாக ஒருமுறை, வலப்பக்கமாக ஒருமுறை சுற்றினார். குனிந்து பார்த்தார். முதுகை எட்டிப் பார்த்தார். தன் மாட்டை இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் ரசிப்பதில் அந்த இளைஞருக்குப் பெருமை தாங்கவில்லை. தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். அப்பாவும் சிரித்தபடி கைகூப்பினார். பிறகு என்னைத் தனியாக ஓரம் கூட்டிப் போய்க் காதோடு சொன்னார்:

"முதுகில் பாடைச் சுழி இருக்கிறது. மாப்பிள்ளையை விலை பேச வேண்டாம் என்று சொல்."