சித்தப்பா மறைந்த நொடி

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லோரும் காரைக்குடி வீட்டில் கூடியிருந்தோம். பந்தி முடிந்ததும், "வளவில் உட்காரவைத்து ஒரு படம் எடு" என்று அத்தை உத்தரவிட்டார். உச்சிவெயில். முற்றம் கண்ணைப் பறிக்கிறது; தாழ்வாரத்துத் தூண்களுக்குப் பின்னால் ஆள் அடையாளம் தெரியாத இருட்டு. வெயிலைக் கணக்கில் எடுத்தால் பாதிச் சொந்தம் கரியாகிவிடும், நிழலைக் கணக்கில் எடுத்தால் முற்றமே வெளுத்துக் காணாமல் போய்விடும்.

ஆகவே டிரைபாடில் கேமராவைப் பூட்டினேன். ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8; இரண்டும் மாறாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மட்டும் 1/250, 1/60, 1/15 நொடி என மாறும். ஒவ்வொன்றிலும் முந்தையதைப் போல நான்கு மடங்கு வெளிச்சம். பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை எடுத்து மூன்றையும் கணினி ஒன்றாக்கும். "மூன்று முறை டக் என்று கேட்கும், அதுவரை அசையாதீர்கள்" என்று தொண்டை வறளச் சொன்னேன்.

மூன்றும் சேர்ந்து ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைச் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. முதல் டக்குக்கே காப்பி தேடி எழுந்துவிட்டார்.

அப்பத்தாவைப் பாருங்கள். கல்யாணத்தன்று ஸ்டூடியோக்காரர் சொன்ன "இமைக்காதீர்கள்" அவரிடம் இன்றுவரை அமலில் இருக்கிறது. மூன்று படத்திலும் வைரத்தோட்டின் மினுக்கம்கூட இடம் மாறவில்லை. நான் டிரைபாடை மடக்கிய பிறகும், "இனி இமைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இமைத்தார்.

1850களிலேயே குஸ்தாவ் லு கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒட்டிப் படம் போட்டிருக்கிறார். கொடுத்துவைத்தவர். கடலோடும் வானத்தோடும் அவருக்குப் பங்காளி உறவு கிடையாது.

இரவு கணினியில் மூன்றையும் சேர்த்தேன். சித்தப்பா ஆவியாக மிதந்தார். அவர் உடம்பு வழியாகத் தூண் தெரிந்தது. அசைந்தவற்றைச் சரிசெய்யும் வசதியைத் தட்டினேன். அவர் உட்கார்ந்திருந்ததோ நல்ல இருட்டு மூலை. அந்த மூலை தெளிவாக விழுந்தது மூன்றாவது படத்தில்தான். அதற்குள் அவர் அடுப்படிக்கே போய்விட்டார். ஆகவே மென்பொருள் அவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, காலி நாற்காலியை மட்டும் துல்லியமாகக் காட்டியது. கூரைக்கு ஓடு மாற்றப் பணம் பிரித்தபோதும் அந்த மூலையில் இதே காட்சிதான்.

படம் குடும்பக் குழுவுக்குப் போன சிறிது நேரத்தில் சித்தப்பாவின் தொலைபேசி அழைப்பு. "வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று காட்டத்தானே இந்த வேலை?" ஐஎஸ்ஓவில் ஆரம்பித்து விளக்கினேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். தனியாக எடுத்து, அதே நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தர வேண்டுமாம்.

அத்தையிடம் சொன்னேன். "தாராளமாக வரட்டும். கூரை ஓட்டுப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்" என்றார்.