எபேன் போகும் முன் லேப்டாப்பில் செய்து வைக்க வேண்டியவை

மொரீஷியஸில் பிக் டேட்டா கற்றுக்கொள்ளக் காசு ஒரு தடையே இல்லை. 2013 முதல் இயங்கும் மொரீஷியஸ் சாஃப்ட்வேர் கிராஃப்ட்ஸ்மன்ஷிப் கம்யூனிட்டி, பைத்தான் மொரீஷியஸ் யூசர் குரூப் போன்றவை கூடிப் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. சந்திப்புக்குப் போகும் ஐடி நகரமான எபேனுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் வெறும் லேப்டாப்போடு போனால், அங்குள்ள வைஃபையில் ஜாவா இறங்குவதற்குள் சந்திப்பு முடிந்து, கத்தோ பிமா (பருப்பு வடை) மட்டும்தான் மிஞ்சும். நிறுவுவதும் முதல் இரண்டு மூன்று முட்டுச்சந்துகளும் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

8 ஜிபி ராம் போதும். ஜாவா 17 நிறுவுங்கள், பெரிய தரவைப் பகுதி பகுதியாகக் கையாளும் ஸ்பார்க் மென்பொருளின் 3.5, 4.0 பதிப்புகள் இரண்டுக்கும் அது ஒத்துவரும். இருப்பதிலேயே புதிய ஜாவாவைப் போட்டால் ஸ்பார்க் கிளம்பும்போதே விழக்கூடும். விண்டோஸில் நேரடியாக ஓட்டினால் வின்யூட்டில்ஸ் என்ற துணைக் கோப்பைத் தேடி அலைய நேரும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டு, அதற்குள் பைஸ்பார்க்கை (பைத்தான் வழி ஸ்பார்க்) நிறுவுவது மேல். ஒரு விஷயம்: டபிள்யூஎஸ்எல் தானாகப் பாதி ராமைத்தான் எடுக்கும், அதாவது 4 ஜிபி. டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் அதை 6 ஆக உயர்த்திக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நியூயார்க் டாக்ஸிப் பயணத் தரவுதான் என் தேர்வு. 2023-ஆம் ஆண்டின் மஞ்சள் டாக்ஸிக் கோப்புகள் பன்னிரண்டும் சேர்ந்து சுமார் 3 கோடியே 80 லட்சம் வரிசைகள். பார்க்கே என்ற பத்திவாரிக் கோப்பு வடிவில் சுருங்கி இருப்பதால் வட்டில் ஒரு ஜிபிகூட ஆகாது. ஆனால் 19 பத்திகள், கலத்துக்கு 8 பைட் என்று பெருக்கிப் பாருங்கள்: நினைவகத்தில் விரிந்தால் 6 ஜிபிக்குப் பக்கம். எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றும் பாண்டாஸ் நூலகம் மூச்சுத் திணறும். ஸ்பார்க் எதற்காக இருக்கிறது என்பது அந்த இடத்தில்தான் புரியும். நூறு வரிசை சிஎஸ்வியை வைத்து ஸ்பார்க் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இதனால்தான் மனதில் நிற்பதில்லை.

பன்னிரண்டு கோப்புகளையும் ஒரே வரியில் படித்தால் பிழை வரும், வரட்டும். ஜனவரிக் கோப்பில் பயணிகள் எண்ணிக்கை தசம எண்ணாக இருக்கிறது; பிப்ரவரியிலிருந்து முழு எண். விமான நிலையக் கட்டணப் பத்தியின் முதல் எழுத்தும் சிறியதிலிருந்து பெரியதாக மாறிவிட்டது. பார்க்கே கோப்பு ஒவ்வொன்றும் தன் பத்தி வகைகளைத் தானே சுமந்து வரும். ஸ்பார்க்கோ ஒரு கோப்பின் வகையை வைத்தே மற்றவற்றையும் படிக்கப் பார்க்கும். மாதம் மாதமாகப் படித்து, வகையை மாற்றி, பத்திப் பெயர்களைப் பார்த்து இணைக்கும் யூனியன் பை நேம் கொண்டு சேர்த்தால் தீரும். வேலைக்குப் போன பின்பு பாதி நாள் செய்யப்போவது இதைத்தான்.

அடுத்தது நினைவகம். ஒரே கணினியில், லோக்கல் முறையில் ஓட்டும்போது எல்லாமே டிரைவருக்குள் (வேலையை நடத்தும் முதன்மை நிரலுக்குள்) நடக்கிறது. பல கணினிகள் இருக்கும்போது வேலையைப் பகிர்ந்து செய்யும் எக்ஸிக்யூட்டர்களின் மெமரியை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. டிரைவர் மெமரியைத்தான் 1 ஜிபியிலிருந்து 4 ஆக்க வேண்டும். அதையும் ஸ்பார்க் செஷன் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நோட்புக்கில் மாற்றினால் மாற்றம் நடக்காது. நோட்புக்கின் பின்னால் ஓடும் கெர்னலை மறுபடி தொடங்குங்கள். கலெக்ட் கட்டளையைக் கையாலும் தொடாதீர்கள், எல்லா வரிசைகளையும் பைத்தானுக்குள் கொண்டுவந்து கொட்டும். ஷஃபிள் பார்ட்டிஷனை (தரவை மறுபடி பிரிக்கும் பகுதிகளின் எண்ணிக்கையை) 200-இலிருந்து குறைக்கச் சொல்லும் பழைய ஸ்லைடுகள் இன்னும் சுற்றுகின்றன. ஸ்பார்க் 3.2 முதல் சின்னப் பகுதிகளை ஸ்பார்க்கே சேர்த்துக்கொள்கிறது.

நேரக் கணக்கும் காலை வாரும். பிரவுசரிலேயே நோட்புக் ஓட்டும் கூகுள் கோலாப் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, உங்கள் லேப்டாப் அதற்கு நான்கு மணி நேரம் முன்னால். மணிவாரியாக எண்ணினால் இரண்டிலும் வெவ்வேறு விடை வரக்கூடும். செஷன் டைம்சோனை யுடிசி என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இலவசப் பயிற்சிகளில் டேட்டா டாக்ஸ் கிளப் நடத்தும் டேட்டா என்ஜினியரிங் ஜூம்கேம்ப் உருப்படியானது. டாக்கர் (மென்பொருளைப் பொதியாக ஓட்டுவது), பிக்குவெரி (கூகுளின் தரவுக் கிடங்கு), ஸ்பார்க், காஃப்கா (வந்துகொண்டே இருக்கும் தரவைக் கடத்துவது) எல்லாம் உண்டு. ஜனவரியில் தொடங்கும் குழுவோடு சேர்ந்து புராஜெக்ட்டை முடித்து, மற்றவர்களின் புராஜெக்ட்களையும் மதிப்பிட்டால்தான் சான்றிதழ். காவடி விரத நாட்களும் ஏறக்குறைய அப்போதுதான் வரும். வீடியோக்கள் எப்போதும் திறந்தே கிடப்பதால் டாக்கர் பாடத்தை டிசம்பரிலேயே முடித்து வைப்பது நல்லது. பிக்குவெரி சாண்ட்பாக்ஸுக்குக் கிரெடிட் கார்டு தேவையில்லை. மாதம் 1 டிபி தரவு வரை இலவசமாக வினவலாம். வினவலில் லிமிட் 10 (பத்து வரிசை மட்டும்) போட்டால் கணக்கு குறையும் என்று மட்டும் நம்ப வேண்டாம். படித்த பத்திகளுக்குத்தான் கணக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வேலை இழுத்துக்கொண்டே இருந்தால், அது ஓடும்போதே பிரவுசரில் ஸ்பார்க்கின் கண்காணிப்புப் பக்கமான லோக்கல்ஹோஸ்ட் 4040-ஐத் திறந்து ஸ்டேஜ் (வேலையின் கட்டம்) பக்கத்தைப் படம் பிடியுங்கள். எல்லா டாஸ்க்கும் முடிந்து ஒன்று மட்டும் நிற்கிறதா, எல்லாமே மெதுவா என்பது அதில் தெரியும். முதலாவது என்றால் தரவு ஒரே சாவியில் (தரவைக் குழுவாக்கும் மதிப்பில்) குவிந்திருக்கிறது. எபேனுக்கு எடுத்துப் போக வேண்டியது அந்தப் படமும், பிழைச் செய்தி முழுவதும். புயல் மாதங்களில் சந்திப்பு தள்ளிப்போகலாம், இணையமும் போகலாம். டாக்ஸிக் கோப்புகளை வட்டிலேயே வைத்திருங்கள்.