ஒரு பக்கக் குறிப்புக்கு இரண்டு வாரம்

"பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை வருஷத்துக்கு ஒரு தடவை போதுமா, இரண்டு தடவை கொடுக்கணுமா? ஆதாரத்தோட ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. இரண்டு வாரத்துல வேணும்" என்றார் மேலதிகாரி. பொது சுகாதாரத் துறையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு பக்கம்தானே, ஒரு சாயங்காலம் போதும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டைத் திறந்து, 'குடற்புழு நீக்கத்தின் நன்மைகள்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். நன்மைகள் கொட்டின. எடை கூடும், ரத்தசோகை குறையும், படிப்பு ஏறும். ஒவ்வொரு கட்டுரையிலும் சுருக்கத்தின் கடைசி இரண்டு வரியை மட்டும் படித்துக் குறித்துக்கொண்டேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அதுவரை நான் ஆய்வு 'படித்து'வந்த லட்சணமே அதுதான்.

மருத்துவக் கல்லூரி நூலகர் ஒருவர் எனக்குப் பழக்கம். பட்டியலை அவரிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "நன்மைன்னு போட்டுத் தேடினா நன்மைதான் தம்பி வரும். தீர்ப்பை எழுதி வெச்சுட்டு சாட்சி தேடுறீங்களே!"

பழைய நூலக அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு நாலு கட்டம் வரைந்தார். யாருக்கு, எதைக் கொடுக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பொருளுக்கு உலகத்தில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் எழுதச் சொன்னார். கொக்கிப்புழுவுக்கு ஒருவர் ஆங்கிலப் பெயரை எழுதியிருப்பார், இன்னொருவர் லத்தீன் பெயரை எழுதியிருப்பார். பப்மெட்டில் 'மெஷ்' என்ற பொருள் தலைப்பு இருக்கிறது. யார் எந்தப் பெயரில் எழுதினாலும் ஒரே ஆணியில் மாட்டிவைக்கிற ஏற்பாடு அது. ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பெயர்களுக்கு நடுவே 'ஆர்' (இதுவோ அதுவோ), கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே 'அண்ட்' (இதுவும் அதுவும்). அதன்மேல் முறைசார் மீளாய்வுகளை, அதாவது ஒரே கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் கட்டுரைகளை, மட்டும் காட்டும் வடிகட்டி. மலைபோல் கிடந்தது, உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் இதை எனக்கு யாருமே சொல்லித்தரவில்லை என்ற எரிச்சல் இன்னும் இருக்கிறது.

அடுத்தது பூட்டு. தேர்ந்தெடுத்ததில் பல கட்டுரைகளுக்குச் சுருக்கம் மட்டும் இலவசம், உள்ளே போகக் கட்டணம். சிலவற்றின் முழுப் பிரதி, கட்டுரைகளை இலவசமாக வைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரலில் இருந்தது. கட்டுரைகளின் இலவசப் பிரதியைத் தேடித்தரும் அன்பேவால் நீட்சியைப் பிரவுசரில் போட்டதும், ஆசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்திருந்த பிரதிகள் சில அகப்பட்டன. மிச்சத்துக்கு ஆசிரியர்களுக்கே நாலு வரி மின்னஞ்சல். மூன்று பேருக்கு எழுதினேன், இருவர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் கேட்காமலே பின்னிணைப்பையும் சேர்த்திருந்தார்!

உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி வழியாகவும் முயன்றேன். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிடும் திட்டம் அது. ஆனால் தனிநபர் சேர முடியாது, நிறுவனம்தான் பதிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் கேட்டால், 'இது யார் வேலை?' என்ற கேள்வியோடு கோப்பு நாலு மேசை சுற்றியது. நான் குறிப்பைக் கொடுத்து முடித்த பிறகும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

என் பட்டியலைக் கவிழ்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வு. 51 ஆய்வுகள். அவற்றில் ஒன்றில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பரிசோதிக்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தவறாமல் மாத்திரை கொடுக்கும் திட்டங்களால் உயரம், ஹீமோகுளோபின், அறிவாற்றல், படிப்பு, இறப்பு எதிலும் முன்னேற்றம் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறது. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. கென்யாவில் 75 பள்ளிகளில் நடந்து 2004இல் வெளியான பொருளாதார ஆய்வு, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வராத பிள்ளைகள் கால்வாசி குறைந்ததாகச் சொன்னது. 2015இல் வேறொரு குழு அதே தரவை மறுபடி கணக்கிட்டபோது சில பிழைகள் வெளியே வந்தன. முக்கிய முடிவு அப்படியேதான் நிற்கிறது என்று மூல ஆசிரியர்கள் வாதாடினார்கள். இரண்டு தரப்பையும் படித்துவிட்டு இரண்டு ராத்திரி புரண்டேன். யார் எழுதியதைக் கடைசியாகப் படித்தேனோ அவர் பக்கம் சாய்ந்தேன் என்பதுதான் நிஜம்.

பாதி எழுதிய குறிப்போடு போய் நின்றேன். மேலதிகாரி பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரி. நான் கேட்டது ஒரு தடவையா, இரண்டு தடவையான்னு. அது எங்கே?"

அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதலில் நேரடியான பதில் இருந்தது. குழந்தைகளில் நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் தொற்று இருந்த இடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, 50ஐத் தாண்டியிருந்தால் இரண்டு தடவை. 'இருந்த' என்பதை அடிக்கோடிட்டேன். மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய நிலவரத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போது எடுக்கிற கணக்கு உதவாது.

"நம்ம பகுதியில அப்போ எவ்வளவு இருந்தது?" என்றார். உலகத்தையே சலித்து வந்தவனிடம் அதற்குப் பதில் இல்லை. எந்த இதழிலும் வராத கணக்கை எந்த 'மெஷ்' தலைப்பின் கீழ் தேடுவது?

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவரைப் போனில் பிடித்தேன். "கேட்டோ-காட்ஸ்லதான பார்த்தோம் சார், ஸ்டோர் ரூம்ல பச்சைப் பீரோ, கீழ்த்தட்டு" என்றார், நேற்று வைத்ததுபோல. மலத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் புழு முட்டைகளை எண்ணும் முறைதான் கேட்டோ-காட்ஸ். சாவி வளைந்திருந்தது. உள்ளே மூன்று பதிவேடுகள், கரப்பான் அரித்த ஓரங்கள். ஒவ்வொரு வரியிலும் பிள்ளையின் வயது, வகுப்பு, ஸ்லைடில் எண்ணிய முட்டைகள், பக்கத்திலேயே அதை 24ஆல் பெருக்கி ஒரு கிராம் மலத்துக்கு எத்தனை என்ற கணக்கு. சிவப்பு மையில் யாரோ கூட்டலைத் திருத்தியிருந்தார்கள்.

தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்தேன். கூட்டிப் பார்த்ததில் 20ஐத் தாண்டியிருந்தது, 50ஐத் தொடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை என்று எழுதி, காக்ரேன் சொல்வதையும் மறைக்காமல் கீழே சேர்த்தேன். குறிப்பு ஒன்றேகால் பக்கம் வந்தது. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பதிவேடுகளை ஸ்கேன் பண்ண ஆள் அனுப்பவா?" என்று மட்டும் கேட்டார்.